ஒன்லைன்ல உடுப்புக்கடை போட முதல், ஆர் வாங்கப்போகினம் எண்டு தேடிப் பிடிக்கிறது எப்பிடி

கொழும்பில இப்ப மாசத்துக்கு ஒராளாவது என்னட்ட கேக்கினம், "அக்கா, உடுப்பு வெப்சைட் ஒண்டு போடப்போறன், ஆரைக் கொண்டு செய்விக்கலாம், எவ்வளவு முடியும்" எண்டு. நான் திருப்பிக் கேக்கிறது ஒண்டுதான், ஆருக்கு விக்கப்போறீர்? உடன வாற பதில், "லேடீஸுக்கு அக்கா, 18ல இருந்து 45 வரைக்கும்." இதை வச்சுக்கொண்டு ஒரு துணி கூட எடுக்கேலாது. வெள்ளவத்தையில காலி வீதியால ஒரு 10 நிமிசம் நடந்து பாருங்கோ, அந்த வயசுக்குள்ள கம்பஸ் போற பிள்ளையும் இருப்பா, ஏசிக்குள்ள இருந்து வேலை செய்யிற ஆளும் இருப்பா, ரெண்டு பிள்ளையளை டியூசனுக்கு இழுத்துக்கொண்டு போற அம்மாவும் இருப்பா, மூண்டு பேரும் உடுக்கிறது வேற, வாங்கிற நேரம் வேற, காசு வாற வழியும் வேற.

நான் இதைப் பட்டுத்தான் படிச்சனான். முதல் முதல் பேஜ் தொடங்கேக்க 60 கொட்டன் ரொப் எடுத்தன், நாலு சைஸிலயும் 15, 15 எண்டு சரிசமனா. கம்பஸ் பிள்ளையள்தான் ஒன்லைன்ல வாங்குவினம் எண்டு மனசுக்குள்ள ஒரு நினைப்பு, அதை ஆரிட்டயும் கேட்டுப் பாக்கேல்லை. லார்ஜும் எக்ஸெல்லும் ஒரு கிழமையில முடிஞ்சுது, ஸ்மோல்ல 11 துண்டு அடுத்த வருசம் வரைக்கும் அலுமாரியில கிடந்தது. வாங்கின ஆக்கள் எல்லாம் 35க்கு மேல, வேலைக்குப் போறவை. காசு போனதை விட, அந்த ஒரு கிழமையில "எக்ஸெல் இருக்கா" எண்டு கேட்டு மெசேஜ் போட்ட ஆக்களுக்கு இல்லை இல்லை எண்டு அனுப்பினதுதான் எனக்குக் கவலை. அதுக்குப் பிறகு ஒரு சாமானும் கேட்டுப் பாக்காமல் எடுக்கிறேல்லை.

முதல்ல ஒரு கொப்பி எடுத்து மூண்டு பேரை எழுதுங்கோ: உடுக்கிறது ஆர், காசு குடுக்கிறது ஆர், ஓம் எண்டு சொல்லுறது ஆர். எங்கட சனத்துக்குள்ள இது மூண்டும் கன நேரம் மூண்டு ஆக்கள். பிள்ளையின்ர பிறந்தநாள் சட்டைக்கு காசு கட்டுறது கனடாவில இருக்கிற சித்தி, உடுக்கிறது 7 வயசுப் பிள்ளை, இது வேண்டாம் கை இல்லாத சட்டை எண்டு சொல்லுறது அம்மம்மா. அப்ப சித்திக்கு வெளிநாட்டு கார்ட்டால கட்டக்கூடிய மாதிரி இருக்கவேணும், அம்மம்மாவுக்கு படத்தில கை வடிவா தெரியவேணும், பிள்ளைக்கு உள்ளுக்க லைனிங் குத்தக்கூடாது. ஒரே சட்டைதான், ஆனா மூண்டு பேருக்கும் பதில் சொல்லியாகவேணும், இதை முதலே எழுதி வைச்சா பிறகு வெப்சைட் செய்யிற தம்பிக்கு என்ன வேணும் எண்டு விளக்கமா சொல்லலாம்.

அடுத்தது ஆக்களோட கதைக்கிறது. இதைத்தான் எல்லாரும் விட்டுட்டுப் போகினம், இதுதான் முழு வேலையும். ஒரு 12, 15 பேர் காணும், ஆனா எல்லாரும் உங்கட சொந்தக்காரரா இருக்கக்கூடாது, சொந்தம் எல்லாம் "நல்ல ஐடியா, கட்டாயம் வாங்குவன்" எண்டுதான் சொல்லும். "இப்பிடி ஒண்டு வந்தா வாங்குவீங்களோ" எண்டு கேக்கவே கேக்காதேங்கோ. நடந்ததைக் கேளுங்கோ. கடைசியா எப்ப உடுப்பு வாங்கினீங்கள், எங்க, எவ்வளவு குடுத்தீங்கள், ஏன் அண்டைக்கு வாங்கவேண்டி வந்தது, வாங்கி எத்தினை தரம் உடுத்தீங்கள், உடுக்காமல் கிடக்கிறது எது. கடைசிக் கேள்விக்கு அலுமாரியைத் திறந்து காட்டச் சொல்லிக் கேக்கலாம், பொம்பிளையள் எண்டா சந்தோசமா காட்டுவினம்.

நான் ஒரு ரீச்சர் அக்காட்ட இப்பிடிக் கேட்டனான், வெள்ளவத்தையில ஒரு பிளட்டில நாலாம் மாடியில இருக்கிறா, அரசாங்கப் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறா, கிழமையில அஞ்சு நாளும் சாறி. அலுமாரியைத் திறந்து ஒரு மெரூன் சாறி ஜக்கெட்டை எடுத்து கட்டில்ல போட்டா, விலைச் சீட்டு இன்னும் தொங்குது.

"ஏனக்கா இது உடுக்கேல்லை?"

"கமக்கட்டுக்க இறுக்குது பிள்ளை. போர்ட்டில எழுத கையைத் தூக்கேலாது."

"திருப்பி அனுப்பேல்லையோ?"

"கூரியருக்குக் குடுக்கிற காசுக்கு இதை டெய்லரிட்டக் குடுத்தா சரி எண்டு நினைச்சன், அவர் பாத்திட்டு உள்ளுக்க துணி விடேல்லை, பிரிக்கேலாது எண்டிட்டார்." உட்பக்கத்தைத் திருப்பிக் காட்டினா, தையலுக்கு அங்கால துணி ஒரு நூல் அளவுதான். "ஒரு அரை இஞ்சி விட்டிருந்தா நானே பிரிச்சு விட்டிருப்பன்."

பாருங்கோ, கேள்விக்கொத்து ஒண்டை அடிச்சு வட்ஸ்அப் குறூப்பில போட்டு 200 பேர் நிரப்பினாலும் இந்த அரை இஞ்சி வந்திருக்காது. அண்டைக்கு எனக்கு என்ன தைக்கவேணும், படத்தில எதைக் காட்டவேணும் எண்டது ரெண்டும் விளங்கினது, உட்பக்கத்தைத் திருப்பி தையலைக் காட்டி ஒரு படம். ஆக்கள் சொல்லுறதை அவையின்ர வாயால வந்த மாதிரியே எழுதிக்கொள்ளுங்கோ, "கையைத் தூக்கேலாது" எண்டதை "வசதிக் குறைவு" எண்டு மாத்தி எழுதினா அங்கயே விசயம் செத்துப்போகும்.

பிறகு கடைக்குப் போங்கோ, வாங்க இல்லை, பாக்க. புறக்கோட்டையில ரெண்டாம் குறுக்குத் தெரு, மூண்டாம் குறுக்குத் தெருப் பக்கம் ஒரு நாள், வெள்ளவத்தைக் கடையள்ல சனிக்கிழமை பின்னேரம் ஒரு நாள். துணியை எடுத்த உடன ஆக்கள் முதல்ல என்ன செய்யினம் எண்டு பாருங்கோ. கன பேர் விரலால தேய்ச்சுப் பாப்பினம், வெளிச்சத்துக்குப் பிடிச்சு தெரியுதோ எண்டு பாப்பினம், "சாயம் போகுமா" எண்டு கேப்பினம். ஒன்லைன்ல விரலும் இல்லை, வெளிச்சமும் இல்லை. அப்ப அந்த மூண்டுக்கும் உங்கட பேஜில பதில் இருக்கவேணும்: துணியின்ர பேர், கைக்கு மேல விரிச்சுப் பிடிச்ச படம், நீங்களே ரெண்டு தரம் தோய்ச்சுப் பாத்து எடுத்த படம்.

எதுக்குள்ள போகக்கூடாது எண்டதும் இந்த அலைச்சல்லதான் தெரியும். கலியாணச் சாறிக்கு வசதியுள்ள குடும்பங்கள் சென்னைக்கே போய் தியாகராய நகர்ல எடுத்துக்கொண்டு வருகினம், அது ஒரு சடங்கு மாதிரி, மாமி மச்சாள் எல்லாரும் சேர்ந்து போற பயணம், அதோட நீங்கள் போட்டி போடேலாது, போடவும் வேண்டாம். தினமும் உடுக்கிறது, தேய்ஞ்சு போறது, திருப்பித் திருப்பி வாங்கவேண்டி வாறது, அங்கதான் புதுசா தொடங்கிற ஆளுக்கு இடம் இருக்கு எண்டு நான் நினைக்கிறன்.

இனி இருந்த இடத்தில இருந்து தேடுறது. கூகிள்ல ஆக்கள் எந்தச் சொல்லைக் கூடத் தேடுகினம் எண்டு காட்டுற கூகிள் ட்ரென்ட்ஸ் இலவசம், நாட்டை இலங்கை எண்டு மாத்திப்போட்டு ரெண்டு மூண்டு சொல்லை ஒப்பிட்டுப் பாருங்கோ. அதில வாற 0 தொடக்கம் 100 எண்டது எத்தினை பேர் தேடினவை எண்ட கணக்கு இல்லை, உச்சத்தை 100 ஆக வைச்சு மற்றதை அதோட ஒப்பிடுறது மட்டும்தான், இதை விளங்காமல் 100 பேர் தேடுறாங்கள் எண்டு நினைக்கிற ஆக்களும் இருக்கினம். முக்கியமா சொல்லைக் கவனியுங்கோ. இந்தியாவில பிளவுஸ் எண்டுறதை நாங்கள் இங்க சாறி ஜக்கெட் எண்டுறம், லுங்கி எண்டுறதை சாரம் எண்டுறம், ஜீன்ஸை டெனிம் எண்டும் ட்ரெஸ்ஸை ஃப்ரொக் எண்டும் சொல்லுறம். வெப்சைட்டில இந்தியக் கடையளைப் பாத்து அப்பிடியே பேர் போட்டா எங்கட ஆள் தேடேக்க நீங்கள் வரமாட்டீங்கள். அதோட எங்கட ஆக்கள் கன பேர் தமிழ்ல நினைச்சு இங்கிலிஷ் எழுத்தில அடிக்கிறவை, ரெண்டு விதமாயும் அடிச்சுப் பாருங்கோ.

பேஸ்புக்கையும் இன்ஸ்டாவையும் நடத்துற மெட்டாவின்ர அட் லைப்ரரி எண்டு ஒண்டு இருக்கு, ஆரும் பாக்கலாம், எக்கவுண்ட் கூடத் தேவையில்லை. உங்களைப் போல விக்கிற பேஜ் இப்ப என்ன விளம்பரம் ஓட்டுது, எந்தத் திகதியில தொடங்கினது எண்டு காட்டும். ரெண்டு மூண்டு மாசமா ஒரே விளம்பரம் ஓடுது எண்டா அது அவைக்குக் காசு கொண்டுவருது எண்டு ஓரளவுக்கு நம்பலாம். ஆனா எனக்கு அதை விடப் பிரயோசனமானது கொமன்ட்ஸ்தான். ஒரு பேஜில 50 கொமன்ட்டை இருந்து வாசிச்சு, விலை கேட்டது எத்தினை, சைஸ் கேட்டது எத்தினை, டெலிவரி கேட்டது எத்தினை, குறை சொன்னது எத்தினை எண்டு கொப்பியில கோடு போட்டு எண்ணுங்கோ. விலையை மறைச்சு வைச்சு "இன்பொக்ஸ்" எண்டு பதில் போடுற பழக்கம் எனக்குத் துப்பரவாப் பிடிக்காது, வேலை முடிஞ்சு பஸ்ஸில நிண்டுகொண்டு போன் பாக்கிற பொம்பிளைக்கு விலை கேட்டுக் காத்திருக்க நேரம் இல்லை, அவ அடுத்த படத்துக்குப் போயிடுவா. விலையை எல்லாருக்கும் தெரியப் போடலாம் எண்டதே உங்கட வெப்சைட்டுக்கு ஒரு நல்ல காரணம்.

விளம்பரத்தில ஆக்களைத் தெரிவு செய்யிறதுல ஒரு கதை. 2022 ஜனவரியில இருந்து மெட்டா சமயம், இனம் மாதிரியான விசயங்களோட சேர்ந்த நுணுக்கமான தெரிவுகளை எடுத்துப்போட்டுது. அப்ப கன பேர் "தமிழ்" எண்டு மொழியைத் தெரிவு செய்து ஓட்டுகினம், அது கூடுதலா பேஸ்புக்கை எந்த மொழியில வைச்சிருக்கினம் எண்டதைப் பாத்துத்தான் ஓடும், கொழும்புத் தமிழர் கன பேர் அதை இங்கிலிஷ்லதான் வைச்சிருக்கினம், நீங்கள் தேடுற ஆளே வெளியில நிக்கும். அதைவிட இடத்தைச் சுருக்கிப் போடுங்கோ, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை, கொட்டாஞ்சேனை எண்டு, மிச்சத்தை படமும் எழுத்தும் செய்யட்டும், "ஸ்கூலுக்கு உடுக்க, கையைத் தூக்கி எழுதலாம்" எண்டு போட்டா ரீச்சர்மார் தாங்களாவே நிண்டு பாப்பினம்.

தமிழ் ஆக்களோட மட்டும் நிக்கிறதோ எண்டதையும் இந்த நேரத்திலயே முடிவெடுக்கவேணும். சிங்கள ரீச்சர்மார் கன பேர் ஒசரி, அதுதான் கண்டிச் சாறி, கட்டுவினம், அதுக்கு ஜக்கெட் வெட்டே வேற. முஸ்லிம் பொம்பிளையளுக்கு நீளக் கை வேணும். மூண்டு மொழியில வெப்சைட் போட்டா மட்டும் மூண்டு சனமும் வராது, ஒவ்வொரு சனத்துக்குள்ளயும் திருப்பிப் புதுசா ஒரு 12 பேரோட கதைக்கவேணும்.

அளவு எடுக்கிறதை விடாதேங்கோ. நீங்கள் கதைச்ச ஆக்களிட்டயே டேப்பைக் கொண்டு போய் நெஞ்சு, இடுப்பு, மேல்கை சுத்தளவு, கமக்கட்டுச் சுத்து எடுத்து எழுதுங்கோ. 12 எண்டு லேபல் இருக்கிற ரெண்டு ரொப்பை ரெண்டு கடையில வாங்கி அளந்து பாருங்கோ, கன நேரம் ரெண்டும் ஒரே அளவா இருக்காது. அதால உங்கட பேஜில லேபல் நம்பரை நம்பாமல் உடுப்பின்ர அளவை இஞ்சியில போடுங்கோ, டெய்லரிட்டத் தைச்சுப் பழகின ஆக்களுக்கு இஞ்சிதான் கணக்கு. பேர், போன் நம்பர், அளவு எல்லாம் எழுதேக்க எதுக்கு எடுக்கிறீங்கள் எண்டு சொல்லி ஓம் எண்டு கேட்டுக்கொண்டு எழுதுங்கோ, தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு, சட்டம் இல்லாட்டியும் ஒரு பொம்பிளையின்ர அளவுக் கொப்பி கண்ட இடத்தில கிடக்கக்கூடாது.

நாள்காட்டியையும் பக்கத்தில வைச்சுக்கொள்ளுங்கோ. தைப்பொங்கல், ஏப்ரல் புதுவருசம், வெசாக்குக்கு வெள்ளை உடுப்பு, ஆடிவேல், தீபாவளி, கிறிஸ்மஸ், றம்ழான் மட்டும் ஒவ்வொரு வருசமும் ஒரு 11 நாள் முன்னால வரும். ஜூலை ஓகஸ்டிலயும் டிசம்பரிலயும் வெளிநாட்டுச் சொந்தம் வந்து இறங்கும். ரீச்சர் ஜக்கெட்டுக்கு இதுகளை விட சம்பள நாளும் பள்ளிக்கூடம் திறக்க முந்தின கிழமையும்தான் பெரிசு.

இவ்வளவும் முடிஞ்சாலும் வெப்சைட்டுக்கு அவசரப்படாதேங்கோ. மூண்டு நிறத்தில ஒரே ஜக்கெட், கறுப்பு, மெரூன், ஓஃப் வைட், ஒவ்வொண்டிலயும் அஞ்சு சைஸ், படம் எடுத்து இன்ஸ்டாவிலயும் வட்ஸ்அப்பிலயும் விலையோட போட்டு முன்கூட்டி ஓடர் எடுங்கோ. பாதிக் காசை முதலே கேளுங்கோ. "சூப்பர்" எண்டு ஹார்ட் போடுறது ஒரு கணக்கே இல்லை, காசு போட்ட ஆள்தான் கஸ்டமர். சாமான் வந்தாப் பிறகு காசு எண்டு மட்டும் வைச்சா, வாசல்ல வைச்சு வேண்டாம் எண்டு சொல்லி பாசல் திரும்பி வரும், போய் வந்த கூரியர் காசு உங்கட தலையில. நம்பிக்கை வரும் வரைக்கும் தெரிஞ்ச ஏரியாவுக்கு மட்டும் அப்பிடிக் குடுக்கலாம்.

முதல் 30 ஓடர் போய்ச் சேர்ந்து பத்து நாள் விட்டு எல்லாருக்கும் கோல் எடுங்கோ, மெசேஜ் இல்லை, கோல். திருப்பி அனுப்பின ஆக்களுக்கு முதல்ல. "அக்கா, படத்தில பாக்கேக்க என்ன நினைச்சீங்கள், கையில வந்த உடன என்ன நினைச்சீங்கள்" எண்டு கேட்டிட்டு பேசாமல் இருங்கோ, அவை சொல்லி முடியும் வரைக்கும். அவை சொன்னதை அப்பிடியே எழுதி எடுத்துக்கொண்டு போய் வெப்சைட் செய்யிற தம்பியிட்டக் குடுங்கோ, ஒவ்வொரு உடுப்புக்கும் கீழ என்ன எழுதவேணும் எண்டது அதுக்குள்ள இருக்கும்.