டிஎம் மேசையில் 'வேண்டாம்' என்று சொல்வது எப்படி

ஆளுக்கொரு கேரக்டராக நடித்து, டைஸ் உருட்டி, சேர்ந்து கதை சொல்லி ஆடும் மேசை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்த உட்காரும் புது டிஎம்கள் (டன்ஜன் மாஸ்டர், அதாவது கதையை நடத்துபவர்) அடிக்கடி செய்யும் தப்பு இது: பிளேயர் தொல்லை கொடுத்தால் அவருடைய கேரக்டரைத் தண்டிப்பது. திடீரென்று ஒரு டிராகன் வந்து இறங்கும், இல்லாவிட்டால் மந்திர வாள் காணாமல் போகும். தயவுசெய்து செய்யாதீர்கள். அவர் அதைத் தண்டனையாக எடுத்துக்கொள்ளவே மாட்டார், கதையில் இன்னொரு சவால் வந்துவிட்டது என்று இரண்டு மடங்கு உற்சாகமாகத் தொடர்வார்.

என் மேசையில் ரோக் (திருட்டு வேலை தெரிந்த கேரக்டர்) ஆடிய நண்பர், எல்லோரும் தூங்கும் நேரத்தில் தன் குழுவிலேயே இருந்த கிளெரிக்கின் (பூசாரி கேரக்டர்) பையிலிருந்து ஹீலிங் போஷனைத் (காயம் ஆற்றும் மருந்து) திருடப்போவதாகச் சொன்னார். 20 பக்க டைஸை உருட்டினார், 19 விழுந்தது, திருட்டு பலித்தது. "என் கேரக்டர் அப்படித்தான் செய்யும்" என்றார். கிளெரிக் ஆடியவர் வாயே திறக்கவில்லை, ஆனால் அதற்கப்புறம் தன் முறை வந்தபோதெல்லாம் போனிலிருந்து நிமிர்ந்து "நான் அடிக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். டைஸ் உருளும் முன்பே நான் நிறுத்தியிருக்க வேண்டும். மறுநாள் டீக்கடையில் ரோக் நண்பரிடம் சொன்னேன்: "மச்சி, ரோக் என்ன செய்யும்ங்கறத விடு. நீ கை வெச்சது அவனுக்குப் பிடிக்கல. நம்ம குழுவுக்குள்ள திருட்டு வேண்டாம்." சரி என்றார், அவ்வளவுதான். அவரிடம் அதுவரை யாரும் சொல்லவில்லை.

இதையெல்லாம் ஆரம்பத்திலேயே பேசிவிடத்தான் செஷன் ஜீரோ, அதாவது ஆட்டம் தொடங்கும் முன் எல்லோரும் உட்கார்ந்து பேசும் சந்திப்பு. கேரக்டர் உருவாக்கும் அன்றே கேட்டுவிடுங்கள்: குழுவுக்குள் சண்டை, திருட்டு உண்டா? ஒருவர் வராவிட்டால் ஆட்டம் நடக்குமா? கதையில் எது வரவே கூடாது? குழந்தைகள் சித்திரவதை, பாலியல் வன்முறை போன்றவற்றை நீங்களே பெயர் சொல்லிக் கேளுங்கள், பொதுவாகக் கேட்டால் எல்லோரும் "எதுவும் ஓகே" என்றுதான் சொல்வார்கள். பாதியில் யாருக்காவது சங்கடம் வந்தால், ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் 2013-இல் உருவாக்கிய எக்ஸ் கார்டு உதவும்: எக்ஸ் எழுதிய ஓர் அட்டையை மேசை நடுவில் வையுங்கள், யாராவது தொட்டால் அந்த விஷயத்தைக் கதையிலிருந்து எடுத்துவிட்டு மேலே போங்கள், ஏன் என்று கேட்காதீர்கள். முதல் தடவை நீங்களே தொட்டுக் காட்டுங்கள், மற்றவர்களுக்குக் கூச்சம் போகும்.

ரூல்ஸ் வாக்குவாதம் வந்தால் அந்த நேரத்துக்கு நீங்கள் சொல்வதே முடிவு, ஆட்டம் முடிந்ததும் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

உங்களுக்கும் எல்லை உண்டு. வேலை முடிந்து வந்து, ராத்திரி மேப் வரைந்து, மான்ஸ்டர் கணக்குப் போடுவது நீங்கள்தான். 5 பேருக்கு மேல் முடியாது என்றால் முடியாதுதான், நண்பரின் நண்பராகவே இருந்தாலும்.

இரண்டு முறை தனியாகப் பேசியும் ஒருவர் மாறவில்லை என்றால் விலகச் சொல்லுங்கள். குரூப்பில் எல்லோர் முன்னாலும் வேண்டாம், நேரில் பார்த்தோ போன் போட்டோ சொல்லுங்கள். அவர் கேரக்டரைக் கொன்றுவிடாதீர்கள், சொந்த ஊருக்குப் போய்விட்டதாகக் கதையில் ஒரு வரி போதும்.