மாங்குளம் குகை எழுத்தைப் படிக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாங்குளம், அரிட்டாபட்டி, கொங்கர்புளியங்குளம் என மதுரையைச் சுற்றித் தமிழி (தமிழ் பிராமி என்னும் பழைய எழுத்து) கல்வெட்டுள்ள குன்றுகள் நிறைய. அழிந்த மொழிகள்மேல் ஆர்வம் வந்த பலர் முதலில் போவது அங்கேதான். அங்கேயே முதல் தவறும் நடக்கிறது: "செத்துப்போன ஏதோ ஒரு மொழி" என்று நினைத்துவிடுகிறார்கள். வழக்கொழிந்தது எழுத்துதான், மொழி தமிழ். யானைமலையில் உள்ள வட்டெழுத்து என்ற இன்னொரு பழைய தமிழ் எழுத்துக்கும் இதே கதைதான். பழைய இத்தாலியில் பேசப்பட்ட எத்ருஸ்கன் மொழி இதற்கு நேர்மாறு. அதன் எழுத்து கிரேக்கத்திலிருந்து வந்தது என்பதால் வாய்விட்டு வாசிக்கலாம், ஆனால் பொருள் பெரும்பகுதி பிடிபடவில்லை. ஆக, எழுத்து வேறு, மொழி வேறு.

அடுத்தது, அசோகன் பிராமி (அசோகர் கல்வெட்டுகளின் எழுத்து) அட்டவணையை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு மலை ஏறுவது. அசோகன் முறையில் வெறும் மெய்க்குறிக்குள்ளேயே அகரம் உண்டு, பக்கக் கோடு போட்டால் நெடில். மாங்குளத்தில் அப்படி இல்லை. வெறும் குறி மெய்யெழுத்து. கோடு போட்டால் அது அகரமாகவும் இருக்கலாம், ஆகாரமாகவும் இருக்கலாம். அதனால் அசோகன் அட்டவணைப்படி படித்தால் 'மகன்' என்ற சொல் 'மாகான' என்று வாசிக்கப்படும். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காத காலத்து எழுத்துக்கு இது நல்ல ஏற்பாடுதான், ஆனால் தெரியாதவரைக் கவிழ்த்துவிடும். இந்தக் குகை எழுத்துகளைப் பிராகிருதம் என்ற பழைய வடஇந்திய மொழி என்று முன்பு கருதியிருந்தார்கள். ற, ன, ள, ழ இருப்பதைக் கவனித்து 1924இல் தமிழ் என்று சொன்னவர் கல்வெட்டறிஞர் கே.வி. சுப்பிரமணிய ஐயர்.

கீழடிப் பானைக் கீறல் ஒன்று சிந்துவெளிக் குறி போலிருக்கிறது என்று உடனே வாசித்துக் காட்டுகிறவர்களும் உண்டு. சரி, வடிவம் ஒத்துப்போகலாம். ஒலியும் ஒன்றே என்பதற்கு அது சான்றாகாது. சிந்துவெளி வாசகங்கள் சராசரியாக ஐந்தே குறிகள் கொண்டவை, இருமொழிக் கல்வெட்டும் கிடைக்கவில்லை. எகிப்து எழுத்தைப் படிக்க, ரொசெட்டாக் கல்லில் அதே செய்தி கிரேக்கத்திலும் இருந்தது. அப்படியும் 1799இல் கிடைத்த அந்தக் கல்லை வைத்து பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன் விடை சொல்ல 1822 ஆகிவிட்டது.

பாறை எழுத்தில் சாக்பீஸ் தேய்க்காதீர்கள். தேய்ப்பவர் எந்தக் கோட்டை எழுத்து என்று நினைக்கிறாரோ அதுதான் அப்புறம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தாலே பள்ளம் நிழலாக எழும்.

போட்டோவை மட்டும் நம்பி முடிவு சொல்வதும் ஆபத்து. 1960களில் இந்தக் குகைக் கல்வெட்டுகளை வாசித்து வெளியிட்ட கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவனே, 1990களில் மறுபடி குகை குகையாகப் போய்ப் பார்த்துத் தம் வாசிப்புகளைத் திருத்தினார்.