டீலருக்கு மென்பொருள் விற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார் டீலர்களுக்கான மென்பொருளுக்கு டீலர்ஷிப் உரிமையாளரின் அறையில் விலை பேசப்படுகிறது. அதை நாள் முழுவதும் பயன்படுத்துபவர்கள் ஷோரூமில் நிற்கும் விற்பனையாளரும், சர்வீஸுக்கு வரும் வண்டிகளைப் பெற்றுக்கொள்ளும் சர்வீஸ் அட்வைசரும். பணம் கொடுப்பவர் ஒருவர், பாடுபடுபவர் வேறொருவர் என்றிருக்கும் இந்த நிலையில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

டெமோவில் காட்டும் தரவு எப்போதும் சுத்தமாக இருக்கும். ஒரு வாடிக்கையாளர், ஒரு கைபேசி எண், ஒரு வண்டி. உண்மையில் கணவர் பெயரில் வாங்கிய காரை மனைவி சர்வீஸுக்குக் கொண்டுவருவார். மகனின் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போவார். ஒரே குடும்பம் மூன்று பதிவுகளாகப் பிரிந்து கிடக்கும். வாகன அடையாள எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 17 இடங்கள் உண்டு. 1, 0 ஆகிய இலக்கங்களோடு குழம்பும் என்பதால் ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுக்கு அதில் இடமில்லை. இந்த அடிப்படை விதியைக்கூடச் சரிபார்க்காமல் எதைத் தட்டினாலும் ஏற்றுக்கொள்ளும் படிவங்கள் இருக்கின்றன. தவறாக ஏறிய எண், பின்னால் உத்தரவாதக் கோரிக்கை திரும்பி வரும்போதுதான் கண்ணில் படுகிறது. ஆகவே டீலரின் பழைய தரவை, அதிலும் மிகவும் குழம்பிக் கிடக்கும் பகுதியைக் கேட்டு வாங்கி, அதை வைத்து டெமோ காட்டுங்கள்.

அடுத்த தவறுதான் என்னை மிகவும் வருத்துகிறது. விற்பனையாளர் ஒரே பெயரையும் முகவரியையும் டீலரின் மேலாண்மை மென்பொருளில் ஒரு முறை, உற்பத்தியாளரின் தளத்தில் ஒரு முறை, கடன் தரும் நிறுவனத்தின் படிவத்தில் ஒரு முறை தட்டுகிறார். புதிய கருவி நான்காவது முறையாகவும் தட்டச் சொல்கிறது. “எங்கள் மென்பொருள் மற்ற எல்லாவற்றோடும் இணையும்” என்று விற்பவர் சொல்வார். எந்தத் தகவல் இணையும், எந்தத் திசையில் போகும், எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை போகும் என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும். இரவில் ஒரு முறை கோப்பை நகலெடுப்பதற்கும் இணைப்பு என்றே பெயர் வைத்திருப்பார்கள். காலையில் விற்றுப்போன காரை மாலைவரை ‘இருப்பில் உள்ளது’ என்று திரை காட்டும். அதை நம்பி வந்த வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்பவர் விற்பனையாளர்தான்.

மாதக் கடைசி வாரத்தில் புதிய மென்பொருளைத் தொடங்கி வைக்காதீர்கள். இலக்கும் ஊக்கத்தொகையும் அந்த நாட்களில்தான் முடிவாகின்றன. பயிற்சியையும் ஒரே நாளோடு முடித்துவிடாதீர்கள். ஷோரூமில் ஆட்கள் அடிக்கடி மாறுவார்கள். அன்று பயிற்சி பெற்றவர் சில மாதங்களில் வேறிடம் போயிருக்கலாம்.

அறிக்கைகளில் அழகாகத் தெரியும் எண்களும் ஏமாற்றும். வெள்ளை நிறத்தில் ஆட்டோமேட்டிக் கார் இருக்கிறதா என்று ஒருவர் கேட்கிறார். “நன்றி, விரைவில் தொடர்புகொள்கிறோம்” என்று இயந்திரம் உடனே பதில் அனுப்புகிறது. விசாரணைக்கு உடனடிப் பதில் என்று அறிக்கையில் பதிவாகிறது. கேட்டவருக்கோ இன்னும் பதில் கிடைக்கவில்லை. விசாரணைகளில் எத்தனை பேர் டெஸ்ட் டிரைவுக்கு வந்தார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் என்று எண்ணுவதே பயனுள்ளது.

மென்பொருள் நின்றுபோகும் நாளைப் பற்றிப் பேசாமல் இருப்பது எல்லாவற்றிலும் ஆபத்தானது. 2024 ஜூனில், கார் டீலர்களுக்கு மேலாண்மை மென்பொருள் தரும் சி.டி.கே. குளோபல் நிறுவனத்தின் மீது நடந்த இணையத் தாக்குதலால் வட அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான டீலர்களின் வேலை முடங்கியது. பலர் காகிதமும் பேனாவுமாக விற்பனையையும், வண்டியில் செய்ய வேண்டிய வேலைகளைக் குறிக்கும் ஜாப் கார்டுகளையும் எழுதினார்கள். அப்படி ஒரு நாள் வந்தால் எந்தப் படிவத்தில் எழுதுவது, பிறகு யார் அதைக் கணினியில் ஏற்றுவது என்பதை மென்பொருள் விற்பவரே முன்கூட்டி எழுதித் தர வேண்டும்.

டீலர்களுக்கும் இதில் பங்குண்டு. கையெழுத்திடுவதற்கு முன் சர்வீஸ் அட்வைசரை அந்தத் திரையின் முன் உட்காரவைத்து, ஒரு ஜாப் கார்டைத் தொடக்கம் முதல் முடிவுவரை போடச் சொல்லுங்கள். ஒப்பந்தம் முடிந்தால் உங்கள் வாடிக்கையாளர் தரவு எந்த வடிவில், எத்தனை நாளில், என்ன செலவில் திரும்பி வரும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.