ஊழியத்தைத் தாங்கும் தொழிலதிபர்: அமெரிக்கச் சுவிசேஷ ஊழியங்களுக்குக் கொடுப்பது எப்படி

அமெரிக்கச் சுவிசேஷ ஊழியங்களின், அதாவது சுவிசேஷக் கிறிஸ்தவப் பணி அமைப்புகளின், வரலாற்றில் தொழிலதிபர்களின் கை ஆழமாகப் பதிந்திருக்கிறது. யூனியன் ஆயில் நிறுவனத்தின் லைமன் ஸ்டுவர்ட், ‘தி ஃபண்டமென்டல்ஸ்’ என்ற கிறிஸ்தவக் கோட்பாட்டுக் கட்டுரைகளை 1910 முதல் 1915 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டுப் போதகர்களுக்கும் மிஷனெரிகளுக்கும் இலவசமாக அனுப்பப் பணம் கொடுத்தார். மண்வாரி இயந்திரங்கள் செய்த ஆர். ஜி. லெட்டூர்னோ தசமபாகக் கணக்கைத் தலைகீழாக்கி, பத்தில் ஒன்பது பங்கைக் கொடுத்துவிட்டு ஒரு பங்கில் வாழ்ந்தவராக அறியப்பட்டார். இவர்களைப் போலக் கொடுக்க முன்வருகிறவர்களிடம் ஊழியங்கள் பெரும்பாலும் பணத்தை மட்டுமே எதிர்பார்க்கின்றன. ஆனால் பணத்தைவிட அரிதாகக் கிடைப்பது, கணக்கைப் படிக்கத் தெரிந்தவர் கேட்கும் கேள்வியே.

ஆகவே முதல் வேலை படிப்பதுதான். வரிவிலக்குப் பெற்ற 501(சி)(3) அமைப்புகளில் பல ஆண்டுதோறும் வருமான வரித்துறைக்குப் படிவம் 990 என்ற அறிக்கையை அளிக்கின்றன. அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். முதல் பக்கத்தில் உள்ள மொத்த வரவைப் பார்த்து மலைத்து நின்றுவிடாமல், ஆறாம் பகுதிக்குச் செல்லுங்கள்: வாக்குரிமையுள்ள ஆளுநர்கள், அதாவது ஊழியத்தை மேற்பார்வையிடும் குழுவின் உறுப்பினர்கள், எத்தனை பேர், அவர்களில் சுயேச்சையானவர்கள் எத்தனை பேர் என்பது அங்கே அடுத்தடுத்த வரிகளில் இருக்கும். ஏழு பேரில் இருவர்தான் சுயேச்சையானவர்கள் என்றால், மற்ற ஐவருக்கும் நிறுவனருக்கும் என்ன உறவு என்று விசாரியுங்கள். ஏழாம் பகுதி ஊதியங்களைச் சொல்லும். அட்டவணை எல், நிர்வாகிகளின் குடும்பத்தாரோடும் தொழில்களோடும் நடந்த கொடுக்கல் வாங்கலைச் சொல்லும்.

சபைகளுக்கு இந்தப் படிவம் கட்டாயமில்லை. சபை என்ற தகுதியைப் பெற்றுள்ள சில ஊழியங்களும் இதை அளிப்பதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் தணிக்கை செய்யப்பட்ட கணக்கைக் கேளுங்கள். 1979-இல் தொடங்கப்பட்ட சுவிசேஷ நிதிப் பொறுப்புக்கான மன்றத்தில், அதாவது இ.சி.எஃப்.ஏ.-வில், உறுப்பினரா என்றும் பாருங்கள். குறைந்தது ஐந்து ஆளுநர்கள் இருக்க வேண்டும், அவர்களில் பெரும்பான்மையினர் சுயேச்சையானவர்களாக இருக்க வேண்டும் என்பது அதன் விதி. இந்த முத்திரை இருந்தாலும் நீங்கள் படிக்க வேண்டிய வேலை குறைவதில்லை.

இதெல்லாம் அவிசுவாசம் என்று நினைப்பவர்கள் 1995-ஐ நினைவுகூரலாம். பிலடெல்பியா அருகே இயங்கிய நியூ ஈரா அறக்கட்டளை, பெயர் சொல்ல விரும்பாத கொடையாளிகள் இருப்பதாகச் சொல்லி, வைப்புத்தொகையைச் சில மாதங்களில் இரட்டிப்பாக்கித் தருவதாக வாக்களித்தது. சுவிசேஷக் கல்லூரிகளும் ஊழியங்களும் வரிசையில் நின்றன. அப்படிப்பட்ட கொடையாளிகள் ஒருவர்கூட இருக்கவில்லை. மிச்சிகனில் ஸ்பிரிங் ஆர்பர் கல்லூரியில் கணக்கியல் கற்பித்த ஓர் ஆசிரியர்தான், அறக்கட்டளையின் வரி ஆவணத்தில் இருந்த வட்டி வருமானம் அது வைத்திருக்க வேண்டிய தொகைக்குப் பொருந்தவில்லை என்று கண்டு, பலரும் காது கொடுக்காதபோதும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பல ஊழியங்களின் ஆளுநர் குழுக்களிலும் தொழிலதிபர்கள் இருந்தார்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

கொடுக்கும் விதத்தில், ரொக்கமே எப்போதும் சிறந்தது என்று எண்ண வேண்டாம். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து மதிப்பு உயர்ந்த பங்குகளை அப்படியே கொடுத்தால், மூலதன ஆதாய வரி உங்களுக்கும் இல்லை, ஊழியத்துக்கும் இல்லை. ஆனால் தனியார் நிறுவனப் பங்குகளின் மதிப்பு 10,000 டாலரைத் தாண்டினால், தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் அறிக்கை தேவை. நிறுவனத்தை விற்கப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: விற்பனை ஏறக்குறைய முடிந்துவிட்ட நிலையில் பங்கை ஊழியத்தின் பெயருக்கு மாற்றினால், ஆதாயம் உங்களுடையதே என்று வரித்துறை சொல்லக்கூடும். வாங்குபவருடன் பேச்சு முற்றுவதற்கு முன்பே வரி ஆலோசகரிடம் போங்கள்.

கட்டடத்துக்கு என்று குறிப்பிட்டுக் கொடுத்தால் அது கட்டடத்துக்கே போக வேண்டும். ஊழியர் சம்பளத்துக்குப் பணம் தட்டுப்பாடானாலும் அதைத் தொட முடியாது. பெயர்ப்பலகைக்குக் கொடுக்க ஆளிருக்கும், மின்கட்டணத்துக்கு இருக்காது. மூன்று ஆண்டுகளுக்கு நிபந்தனையின்றிக் கொடுப்பதாக எழுத்தில் தருவது, ஒரே முறை கொட்டிக் கொடுப்பதைவிடப் பெரும்பாலும் அதிகம் உதவும்.

ஆளுநர் குழுவில் இடம் தந்தால், உங்கள் நிறுவனத்திலிருந்து ஊழியம் எதுவும் வாங்கும்போது அந்த விவாதத்திலிருந்தும் வாக்கெடுப்பிலிருந்தும் விலகிவிடுங்கள். போதனையில் தலையிடவும் வேண்டாம். வரவுசெலவுத் திட்டத்தில் தலையிடாமல் இருக்கவும் வேண்டாம்.

உங்கள் தொழிலாளர்களை இதற்குள் இழுக்காதீர்கள். 15 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள நிறுவனங்களுக்கு, மத அடிப்படையிலான பாகுபாட்டைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் பொருந்தும். சுரங்கத் தளவாடம் செய்யும் ஒரு நிறுவனம் வேலை நேரத்து ஜெபக்கூட்டத்தைக் கட்டாயமாக்கியபோது, விருப்பமில்லாத தொழிலாளியை அதற்கு வரச் சொல்ல முடியாது என்று ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1988-இல் தீர்ப்பளித்தது. சம்பளத்திலிருந்து காணிக்கை பிடிக்க ஏற்பாடு செய்தாலும், யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்ற பட்டியல் உங்கள் மேசைக்கு வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆதரவை நிறுத்த நேர்ந்தால் ஓராண்டுக்கு முன்பே எழுத்தில் தெரிவியுங்கள். அடுத்த ஆண்டுக்கு ஆள் எடுக்கும் முன் அந்தக் கடிதம் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.