கண்புரை, குளுக்கோமா ரெண்டும் சேர்த்து ஆபரேஷனா? கண்ணாடிக் கடைக்கு அவசரப்பட்டு ஓடாதீங்க

அம்மாவுக்கு கண்புரை ஆபரேஷனும், குளுக்கோமா (பெரும்பாலும் கண்ணுக்குள்ள பிரஷர் ஏறி பார்வை நரம்பு கெடற வியாதி) ஆபரேஷனும் ஒரே நாள்ல பண்ணாங்க. மூணாவது வாரம் எதிர்வீட்டு மாமி வந்து "எனக்கு மறுநாளே பேப்பர் படிக்க முடிஞ்சுதே"ன்னு சொல்லிட்டுப் போக, அம்மாவுக்கு அழுகையே வந்துடுச்சு, ஏன்னா இவங்களுக்கு பஸ் நம்பர்ல 3 எது 8 எதுன்னே தெரியல, தெருவிளக்கு வால் முளைச்ச மாதிரி இழுத்துக்கிட்டு தெரியுது. நானும் பதறிப்போய் பாண்டி பஜார் பக்கம் ஒரு கடைல பவர் பாத்து கண்ணாடி போட்டுட்டேன். சிலிண்டர் பவர், அதாவது ஒரு திசைல மட்டும் இருக்கற பவர், மைனஸ் 2.50. மூணு மாசம் கழிச்சு டாக்டர் பாத்தா மைனஸ் 0.75தான். அந்த 4,000 ரூபா கண்ணாடி இப்போ டிவி ஸ்டாண்டுல தூங்குது.

மாமிக்கு நடந்தது வெறும் கண்புரை ஆபரேஷன். அதுல கருவிழி ஓரத்துல ரெண்டரை மில்லிமீட்டர் மாதிரி ஒரு வெட்டு, பெரும்பாலும் தையலே கிடையாது. குளுக்கோமாவுக்குப் பண்ற ட்ராபெகுலெக்டமி வேற கதை. மேல் இமைக்கு அடியில வெள்ளை விழில சின்னதா ஒரு மூடி மாதிரி கீறித் தூக்கி, உள்ள இருக்கற நீர் கசிய வழி பண்ணிட்டு, தலைமுடிய விட மெல்லிசான நைலான் நூலால அந்த மூடிய தைக்கறாங்க. ஜாக்கெட்ல ஒரு தையல் இறுகிட்டா சுத்தி இருக்கற துணியெல்லாம் சுருங்கி இழுக்கும்ல, அதேதான், தையல் இறுக்கமா இருந்தா கருவிழி மேலும் கீழுமா வளையும், அதுதான் அந்த சிலிண்டர் பவர். நாளாக ஆக தையல் தளரும், புண் ஆறும், பவரும் இறங்கும். கண் பிரஷர் ரொம்ப இறங்கிப் போனாலும் பவர் ஆடும். அதனால டாக்டர் "பவர் நின்னுடுச்சு"ன்னு சொல்ற வரைக்கும், சாதாரணமா ரெண்டு மூணு மாசம், பொறுங்க.

"அப்போ அந்த தையல வெட்டி விட்டுடுங்க டாக்டர்"னு நானே கேட்டேன், அதுவும் தப்பு. அந்த தையல்தான் நீர் எவ்ளோ வெளிய போகணும்னு கட்டுப்படுத்துது. சீக்கிரம் வெட்டினா பிரஷர் ஒரேயடியா விழுந்துடும். லேசர்ல எப்போ வெட்டணும்னு முடிவு பண்றது பிரஷரப் பாத்து, நம்ம கண்ணாடியப் பாத்து இல்ல.

சொட்டு மருந்து விஷயத்துல நிறைய பேர் சொதப்பறாங்க. கண்புரை மட்டும் பண்ணவங்கள விட இதுக்கு ஸ்டெராய்டு சொட்டு அதிக நாள் போட வேண்டி வரும், இல்லன்னா போட்ட வழி தழும்பாகி மூடிக்கும். சிவப்பு போயிடுச்சேன்னு நீங்களா நிறுத்தாதீங்க, நல்லா இருக்கேன்னு நீங்களா மெடிக்கல்ல இன்னொரு பாட்டிலும் வாங்காதீங்க, ஸ்டெராய்டே பிரஷர ஏத்தும். இன்னொரு கூத்து, ஆபரேஷன் பண்ணாத கண்ணுக்குப் போடற குளுக்கோமா சொட்டையும் சேர்த்து நிறுத்திடறது. அம்மா பத்து நாள் அப்படி விட்டிருக்காங்க, காலி பாட்டில் எண்ணிப் பாத்துதான் எனக்கே தெரிஞ்சுது.

கண்ண கசக்கவே கூடாது, சென்னை வெயில்ல வேர்வை வழிஞ்சா கைக்குட்டையால நெத்திய மட்டும் ஒத்தி எடுங்க. கசியற நீர் தேங்கி மேல் இமைக்குள்ள கொப்புளம் மாதிரி இருக்கற இடத்துல கிருமி தொத்திக்கிட்டா ஆபத்து. கண் சிவந்து, வலிச்சு, பீளை கட்டி, பார்வை மங்குச்சுன்னா, ஆபரேஷன் ஆகி வருஷக்கணக்கு ஆனாலும் சரி, அன்னிக்கே ஆஸ்பத்திரி போகணும்.

குளுக்கோமாவால ஏற்கனவே போன பார்வை எந்த கண்ணாடிலயும் திரும்பாது, இத ஆபரேஷனுக்கு முன்னாடியே வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க.

அப்புறம், இது குடும்பத்துல வர்ற வியாதி. அம்மாவ ரெண்டு வருஷமா கூட்டிட்டு அலைஞ்சவன், என் கண்ண ஒரு தடவையும் காட்டினதில்ல. போன வாரம்தான் எழும்பூர் கண் ஆஸ்பத்திரி போனேன். பிரஷர் 17, நார்மல்தான், ஆனா நார்மல் பிரஷர்லயும் குளுக்கோமா வருமாம், நரம்பப் பாக்கணும்னு மறுபடி வரச் சொல்லியிருக்காங்க.