முடிந்த ஏலத்தை மறுபடி எடை போடுவது எப்படி

மேலப்பாளையம் செவ்வாய்க்கிழமைச் சந்தையில் ஆடு வாங்கியவரிடம் ஒரு மாதம் கழித்து இரண்டு கேள்வி கேட்கலாம். அன்றைக்குப் பல்லைப் பிடித்துப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து, கேட்ட விலையைக் குறைத்து வாங்கியது சரியா? அந்த ஆடு இப்போது எப்படி இருக்கிறது? முதல் கேள்விக்கு 'சரி' என்றும் இரண்டாவதற்கு 'செத்துப்போச்சு' என்றும் பதில் வரலாம். இரண்டும் உண்மைதான். கிரிக்கெட் வீரர் ஏலத்தைப் பற்றி டீக்கடையில் நடக்கும் சண்டையில் முக்கால்வாசி, இந்த இரண்டு கேள்வியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருவதுதான்.

பழைய ஏலம் ஒன்றை எடுத்து, பின்னால் நடந்ததெல்லாம் தெரிந்த நிலையில், யார் நன்றாக வாங்கினார்கள், யார் கோட்டை விட்டார்கள் என்று கணக்குப் போடும் முறை இது. மாதிரிக்கு 2019 ஐபிஎல் ஏலம். 2018 டிசம்பர் 18 அன்று ஜெய்ப்பூரில் நடந்தது. 60 பேர் விலைபோனார்கள், மொத்தம் 106.8 கோடி ரூபாய். கடைசியில் நம்மூர் டென்னிஸ் பந்து லீக்குக்கும் இதையே எப்படிப் பொருத்துவது என்று வரும்.

எந்த ஏலத்தை எடுப்பது

குறைந்தது மூன்று சீசன் கடந்திருக்க வேண்டும். ருதுராஜ் கெய்க்வாட்டைச் சென்னை 20 லட்சத்துக்கு எடுத்தது. 2019-ல் அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 2020-ல் 6 ஆட்டத்தில் 204 ரன். 2021-ல் 635 ரன், சீசனில் அதிக ரன் எடுத்தவருக்கான ஆரஞ்சுத் தொப்பி. முதல் சீசன் முடிந்ததும் மார்க் போட்டிருந்தால் பூஜ்யம் விழுந்திருக்கும். 2019 ஏலம் வசதியாக இருப்பதற்குக் காரணம், 2022-ல் மெகா ஏலம் வந்து அணிகள் கலைந்தன; அதனால் 2019, 2020, 2021 என்று கணக்குக்கு வரப்பு தானாகவே கிடைக்கிறது.

வரப்பு எங்கே என்பதை முதலிலேயே எழுதிவையுங்கள், பாதியில் மாற்றாதீர்கள். பிரப்சிம்ரன் சிங்கைப் பஞ்சாப் 4.8 கோடிக்கு எடுத்தது. அந்த மூன்று சீசனில் அவர் ஆடிய ஆட்டங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 2023-ல் டெல்லிக்கு எதிராகச் சதம் அடித்தார். ஆனால் அதற்குள் மெகா ஏலம் வந்து, பஞ்சாபே அவரைப் புதிதாக வேறு விலைக்கு எடுத்திருந்தது. அந்தச் சதத்தை 2019 ஏலத்தின் வரவில் வைக்கிறவர், போன வருஷம் விற்ற வயலுடைய இந்த வருஷ அறுவடையைத் தன் கணக்கில் எழுதுகிறார்.

இரண்டு பேரேடு

ஒன்று அணியின் பேரேடு: வீரர் அந்த அணியில் இருந்த வரை கொடுத்தது மட்டும். ரிலீஸ் செய்த நாளோடு மூடிவிட வேண்டும். இன்னொன்று வீரரின் பேரேடு: எந்தச் சட்டை போட்டாலும் அவர் செய்த மொத்தமும். மோகித் சர்மா சென்னைக்கு 5 கோடி. 2019-ல் ஒரே ஒரு ஆட்டம். 2023-ல் குஜராத்துக்கு 50 லட்சத்தில் போய் 27 விக்கெட் எடுத்தார். சென்னையின் பேரேட்டில் அந்த 27 வராது. ஒரு வீரரின் திறமையை ஏலக்காரர்கள் எப்படிக் கணித்தார்கள் என்று பார்க்க இரண்டாவது பேரேடு. அணி நிர்வாகத்துக்கு மார்க் போட முதலாவது. கலந்தால் இரண்டும் கெட்டது.

அன்றைய தாள்

இதுதான் வேலையிலேயே கடினமான பகுதி. பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுவார்கள்.

ஒவ்வொரு வீரருக்கும் அரைப்பக்கம் ஒதுக்கி, ஏலத்துக்கு முந்தின நாள் வரை தெரிந்ததை மட்டும் எழுதுங்கள்: வயது, கடைசி இரண்டு உள்நாட்டு சீசன், காய வரலாறு, அந்த நாள்களில் நாட்டு அணி அழைப்பு வந்து பாதியில் கிளம்பக்கூடியவரா என்பது. கூடவே வாங்கின அணியின் நிலை: பர்ஸில் மீதி எவ்வளவு, எத்தனை இடம் காலி, வெளிநாட்டு இடம் எத்தனை. சென்னைக்கு அன்று 8.4 கோடியும் இரண்டு இடமும்தான். பஞ்சாபுக்கு 36.2 கோடி, 15 இடம். ஒரே வீரருக்கு இந்த இருவரும் ஒரே விலை கொடுத்தாலும் அது ஒரே முடிவு ஆகாது.

தகவலுக்கு இன்றைய அறிமுகப் பக்கங்களைத் திறக்காதீர்கள். பின்னால் நடந்தது முதல் வரியிலேயே நிற்கும், பார்த்த கண்ணை மூட முடியாது. ஸ்கோர்கார்டுகளையும், தேடலில் தேதி வரம்பு போட்டுக் கிடைக்கும் அந்த மாதச் செய்திகளையும் எடுங்கள்.

வருண் சக்கரவர்த்தியின் தாள் இப்படி இருக்கும்: வயது 27. அடிப்படை விலை, அதாவது ஏலம் தொடங்கும் விலை, 20 லட்சம். 2018 டிஎன்பிஎல் கோப்பையை வென்ற மதுரை அணியில் ஆடியவர். அந்த ஆண்டு உள்நாட்டு ஒருநாள் தொடரான விஜய் ஹசாரே கோப்பையில் தமிழ்நாட்டுக்கு 22 விக்கெட். கைவிரலில் பல வகைத் திருப்பம். ஐபிஎல் அனுபவம் இல்லை. வாங்கிய பஞ்சாபில் ஏற்கெனவே சுழல்பந்துக்கு அஸ்வினும் முஜீபும் இருக்கிறார்கள். விலை 8.4 கோடி.

இப்போது பெயர், அணி, விலை மூன்றையும் மறைத்து, அந்தக் காலத்தில் கிரிக்கெட் பார்க்காத இரண்டு மூன்று பேரிடம் கொடுங்கள். "இவருக்கு அதிகபட்சம் எவ்வளவு கேட்பீங்க?" என்று மட்டும் கேளுங்கள். வருகிற தொகைகளில் நடுவில் இருப்பதை எடுத்து, உண்மை விலையோடு ஒப்பிட்டு, வாங்கிய முடிவுக்கான மார்க்கைப் பத்துக்குப் போட்டுவிடுங்கள். பேனாவால் எழுதுங்கள். பென்சில் என்றால் பின்னால் அழிக்கத் தோன்றும்.

சுழல்பந்துக்கு ஏற்கெனவே ஆள் இருந்த அணிக்கு எட்டரைக் கோடியை ஒட்டிய விலையில் இன்னொரு சுழல் தேவையா? இந்தக் கேள்வி 2018 டிசம்பரிலேயே கேட்கக்கூடியது. அந்த சீசனில் வருணுக்கு விரலில் காயம் வரும் என்பது அன்று யாருக்கும் தெரியாது. முதல் குறைக்கு மார்க் குறைக்கலாம், இரண்டாவதற்குக் குறைக்கக்கூடாது.

விளைவை எண்ணாக்குவது

ரன்னையும் விக்கெட்டையும் ஒரே தராசில் நிறுத்த, அந்தத் தொடரின் மொத்த ரன்னை மொத்த விக்கெட்டால் வகுங்கள். ஐபிஎல்லில் 25 முதல் 30-க்குள் வரும். கணக்குச் சுலபத்துக்கு ஒரு விக்கெட் 25 புள்ளி, ஒரு ரன் 1 புள்ளி என்று வைக்கலாம். பிறகு வேகத்துக்குத் திருத்தம்: தொடரின் சராசரி எக்கானமியைவிட (ஓவருக்குக் கொடுக்கும் ரன்) வீசிய ஓவர்களில் மொத்தம் எத்தனை ரன் மிச்சம் பிடித்தாரோ அது கூடுதல், அதிகம் கொடுத்தால் கழிவு. மட்டையாளருக்கும் அதேபோல் சராசரி ஸ்ட்ரைக் ரேட்டுக்கு (100 பந்துக்கு எடுக்கும் ரன்) மேல் அடித்த ரன். கேட்ச், ரன் அவுட் வேண்டுமானால் சேருங்கள். கணக்கை அது பெரிதாக அசைப்பதில்லை.

விலையில் ஒரு பொறி உண்டு. ஐபிஎல் ஏலத்தொகை ஒரு சீசனுக்கான சம்பளம். மூன்று சீசன் வைத்திருந்தால் மும்மடங்கு. ஷமியை 4.8 கோடிக்கு எடுத்த பஞ்சாப், அந்தத் தொகையே தொடர்ந்ததாக வைத்தால், மூன்று வருஷத்துக்கு 14.4 கோடி செலவழித்தது. கிடைத்தது 19, 20, 19 என 58 விக்கெட், வேகத் திருத்தத்துக்கு முன் 1450 புள்ளி, கோடிக்குச் சுமார் 100. அதே நாளில் அதே அணி அர்ஷ்தீப் சிங்கை 20 லட்சத்துக்கு எடுத்தது. 3, 9, 18 என 30 விக்கெட்; 750 புள்ளி; 60 லட்சத்துக்கு. கோடிக்கு 1250. வருண்? கொல்கத்தாவுக்கு எதிராக ஒரே ஆட்டம், முதல் ஓவரிலேயே 25 ரன், மொத்தம் 3 ஓவரில் 35 ரன்னுக்கு 1 விக்கெட். 25 புள்ளி, 8.4 கோடி. கோடிக்கு 3.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் ஷமியைவிட அர்ஷ்தீப் பன்னிரண்டு மடங்கு நல்ல கொள்முதல் என்று ஆகிவிடும். அது அபத்தம். ஒரு நேரத்தில் களத்தில் நிற்பது 11 பேர்தான். ஓர் ஆளுக்கு 4 ஓவர்தான். மலிவானவர் எத்தனை பேரை வாங்கிக் குவித்தாலும் ஐந்தாவது ஓவர் வீச முடியாது. ஆகவே வகுத்தலை விட்டுக் கழித்தலுக்கு வாருங்கள். அடிப்படை விலைக்குப் போய், உண்மையில் ஆடவும் செய்தவர்களின் சீசன் சராசரியைக் கண்டுபிடியுங்கள். அதுதான் தரைமட்டம்: காசைக் கொட்டாமலே யாருக்கும் கிடைக்கக்கூடிய ஆட்டம். ஒவ்வொருவரும் அந்தத் தரைக்கு மேலே எத்தனை புள்ளி எழும்பினார் என்பதே அவருடைய உபரி.

மறு ஏலம்

இனி பணத்தை உபரிப்படி பங்கு பிரிக்க வேண்டும். 60 பேருக்கும் ஆளுக்கு 20 லட்சம் அடிப்படையாக ஒதுக்கினால் 12 கோடி. 106.8-ல் மீதி 94.8 கோடி. ஒருவருடைய உபரியை எல்லோருடைய மொத்த உபரியால் வகுத்து 94.8-ஆல் பெருக்கி, 20 லட்சத்தைக் கூட்டினால், எல்லாம் தெரிந்த பிறகு அவர் போகவேண்டிய விலை. தரைக்குக் கீழே உள்ளவர்களின் உபரியைப் பூஜ்யமாக வையுங்கள், கழித்தல் குறி போடாதீர்கள்.

"ருதுராஜை 20 லட்சத்துக்கு எல்லோரும் எடுத்திருக்கலாமே" என்பதுதான் மறு ஏலத்தில் அதிகம் கேட்கும் தவறு. எல்லோருக்கும் தெரிந்திருந்தால் 20 லட்சத்தில் நிற்குமா? ஏல விலையை ஏற்றுவது வாங்குகிறவர் இல்லை, அவருக்கு முந்தினவராகக் கை தூக்கியவர். பக்ரீத் வாரத்துச் சந்தை விலையும் இப்படித்தான் ஏறுகிறது. வருணுக்கு 8.4 கோடி என்றால், அதற்கு ஒரு படி கீழே வரை இன்னொரு அணியும் கேட்டிருக்கிறது. பழி என்றால் இருவருக்கும் பங்கு உண்டு, பணம் போனது ஒருவருக்கு.

அமெரிக்கக் கால்பந்தில் ஏலம் கிடையாது. போன சீசனில் கடைசியில் நின்ற அணி முதலில் என்று வரிசையாகப் புது ஆள் எடுப்பார்கள். அங்கே வரிசை எண்தான் விலை. பின்னால் அந்த ஆட்டத்தின் மிகப் பெரிய நட்சத்திரமான டாம் பிரேடி 2000-ம் ஆண்டு 199-வது ஆளாகப் போனார். மறு தேர்வு எழுதுகிற எல்லோரும் அவரை முதலிடத்துக்குத் தூக்குவார்கள், அது சுலபம். எடுத்த நியூ இங்கிலாந்து அணியே அவருக்கு முன் வேறு ஆறு பேரை எடுத்தது என்பதையும் தாளில் எழுத வேண்டும். அவர் இப்படி வருவார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தால் அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டார்கள். ஆகவே விளைவுக்குப் பத்து, முடிவுக்கு ஏழு எட்டு என்பதே நியாயம்.

விலைபோகாதவர்களின் பட்டியலையும் வைத்துக்கொள்ளுங்கள். யுவராஜை முதல் சுற்றில் யாரும் கேட்கவில்லை. பிறகு மும்பை 1 கோடிக்கு எடுத்தது. டேல் ஸ்டெய்ன் விலைபோகாமல் இருந்து, சீசன் நடுவில் மாற்று வீரராகப் பெங்களூருக்கு வந்து 2 ஆட்டத்தில் 4 விக்கெட் எடுத்தார். எடுத்ததை மட்டும் எண்ணினால், விட்டதன் நஷ்டம் கண்ணில் படாது.

ஒரே அணி ஒரே பிழையைத் திரும்பச் செய்திருந்தால் அதைத் தனியாக வட்டமிடுங்கள். உனத்கட்டை ராஜஸ்தான் 2018-ல் 11.5 கோடிக்கு எடுத்து, விட்டு, 8.4 கோடிக்கு மீண்டும் எடுத்து, விட்டு, மறுவருஷம் 3 கோடிக்கு மூன்றாவது முறை எடுத்தது. ஓர் ஆளின் விளைவு அதிர்ஷ்டமாக இருக்கலாம். மூன்று ரசீது இருந்தால் பழக்கம் என்று பெயர் வைக்கலாம்.

நம்மூர் லீக்குக்கு

8 அணி, ஒவ்வோர் அணிக்கும் 10,000 ஏலப் புள்ளி பர்ஸ், 11 பேர், அடிப்படை 100 என்று வையுங்கள். மொத்தம் 80,000. 88 பேருக்கு அடிப்படை 8,800 போக மீதி 71,200. ஆட்டத்தில் எடுத்த புள்ளியில் மொத்த உபரி 2,400. ஒருவருடைய உபரி 120 என்றால் அவர் பங்கு 5 சதவீதம்: 3,560, அடிப்படையோடு 3,660. அவர் 1,500-க்குப் போயிருந்தால் அணிக்கு 2,160 லாபம்.

ஐபிஎல் எண்களை அப்படியே இங்கே போடக்கூடாது. 8 ஓவர் ஆட்டத்தில் 60 ரன்னுக்கு 6 விக்கெட் என்றால் விக்கெட் விலை 10 ரன்தான். கிரிக்ஹீரோஸ் செயலியில் ஸ்கோர் ஏற்றியிருந்தால் மொத்தக் கணக்கு கையில் வந்துவிடும். ஸ்கோர் நோட்டு என்றால் ஏலம் முடிந்த அன்றே ஏலத்தாளோடு சேர்த்துப் படம் பிடித்துவையுங்கள். அடுத்த பொங்கலுக்குள் அந்தத் தாள் யார் வீட்டுப் பரணில் போகும் என்று சொல்ல முடியாது.

இங்கே தாளில் கூடுதலாக இரண்டு கட்டம் தேவை. முதலாவது 'வந்தாரா'. திருப்பூரிலும் சென்னையிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கிறவர்கள் பண்டிகைக்கு ஊருக்கு வருவார்கள், ஏலத்தில் பெயர் கொடுப்பார்கள், அரையிறுதிக்குள் லீவு முடிந்து ரயில் ஏறிவிடுவார்கள். நல்ல மட்டைதான், மூன்று ஆட்டத்துக்கு. லீவு எத்தனை நாள் என்பது ஏலத்தன்று கேட்டால் தெரியக்கூடிய விஷயம் என்பதால், இது துரதிர்ஷ்டத்தில் சேராது, முடிவின் மார்க்கில்தான் கழியும்.

இரண்டாவது 'காற்று'. ஆனி, ஆடியில் மேற்கே கணவாய்ப் பக்கமிருந்து அடிக்கிற காற்றில் டென்னிஸ் பந்து சொன்ன இடத்தில் விழாது. காற்றை எதிர்த்து ஓடிவந்து வீசுகிறவர் பந்து நின்று வரும், ஆனால் நேராக லேசாகத் தூக்கினாலே கோடு தாண்டிவிடும். காற்றோடு வீசுகிறவரை நேராகத் தூக்கி அடித்தால் பந்து வானத்தில் தொங்கும். அதனால் ஸ்கோர் எழுதும்போதே ஒவ்வொரு ஓவருக்கும் எந்த முனை என்று 'மே', 'கி' போட்டுவிடுங்கள். சராசரி எக்கானமியையும் முனைக்கு ஒன்றாக இரண்டு எடுங்கள். பந்துவீச்சாளர் பட்டியலில் அப்போது இரண்டு மூன்று பேர் இடம் மாறுவார்கள். போன ஏலத்தில் சல்லிசாகப் போனவர் யார் என்பதும் அங்கேதான் தெரியவரும்.