நாடி பிடித்துப் பார்க்காமல் முகத்தில் ஊசி வேண்டாம்

இரத்தக் குழாய்க்கும் நாடி என்றுதான் பெயர், அதன் துடிப்புக்கும் நாடிதான். எங்கள் வீட்டில் மோவாயையும் நாடி என்றுதான் சொல்வோம். பல்லை இறுகக் கடித்துப் பாருங்கள். கன்னத்தின் பின்பக்கம் ஒரு தசை திரளும். அதன் முன் ஓரத்தில், தாடை எலும்பின் கீழ் விளிம்பில் விரலை மெதுவாக வையுங்கள். துடிக்கிறதா? கழுத்திலிருந்து முகத்துக்கு ஏறிப் போகும் முக நாடி அதுதான்.

போன மாதம் அக்கா மகள் வந்து, "சித்தி, கல்யாணத்துக்கு முன்னால மூக்கைக் கொஞ்சம் கூராக்கப் போறேன். டவுன்ல ஒரு பார்லர்ல போடொக்ஸ் போடுறாங்களாம்" என்றாள். அந்தப் பேச்சிலும் அதன் பின்னால் இருந்த நினைப்பிலும் இரண்டு தவறுகள்.

முதலாவது, போடொக்ஸ் மூக்கை உயர்த்தாது. அது தசையைத் தளர்த்திச் சுருக்கத்தைக் குறைக்கும் மருந்து. தவறிப்போனால் இமை சில வாரங்கள் தொங்கலாம், பிறகு சரியாகிவிடும். மூக்கை உயர்த்த, உதட்டைப் பெருக்கப் போடுவது ஃபில்லர். அது கெட்டியான ஜெல். குழாய்க்குள் போனால் அடைத்துக்கொள்ளும். இரண்டையும் ஒன்றாக நினைப்பவர் ஆபத்தையும் ஒரே அளவாக நினைத்துவிடுகிறார்.

இரண்டாவது, மூக்கு சின்ன இடம், ஆபத்தும் சின்னது என்ற நினைப்பு. முக நாடி நேர்கோட்டில் போவதில்லை, ரம்பொடை மலைப்பாதை மாதிரி வளைந்து வளைந்து ஏறும். வாயைத் திறக்கும்போதும் சிரிக்கும்போதும் கன்னம் இழுபடுமே, அப்போது அறுந்துவிடாமல் இருக்கத்தான் அந்த வளைவு. வாயோரத்தில் இரண்டு உதடுகளுக்கும் கிளை விட்டு, சிரிப்புக் கோட்டை ஒட்டி மூக்கின் பக்கமாக ஏறி, பலருக்குக் கண்ணின் உள் மூலை வரை போகும். அங்கே கண்ணுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடியின் கிளைகளோடு சேர்கிறது. ஊசியை அழுத்தும் வேகம் இரத்த ஓட்டத்தை வென்றுவிட்டால் ஜெல் எதிர்த்திசையில் ஏறி, பிறகு ஓட்டத்தோடு விழித்திரைக்குள் இறங்கிவிடும். மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வந்ததும் உண்டு. ஒரு ஃபில்லர் சிரிஞ்சில் இருப்பது பெரும்பாலும் 1 மில்லிலீற்றர். அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம், பார்வை போய்விடலாம். புருவ நடு, மூக்கு, நெற்றி, சிரிப்புக் கோடு: மருத்துவர்களே கை நடுங்கும் இடங்கள் இவை.

"அவங்களுக்கு நாடி எங்கே இருக்குன்னு தெரியும்" என்பார்கள். முக நாடி ஆளுக்கு ஆள் மாறும். ஒரே முகத்தில் இடது ஒரு மாதிரி, வலது ஒரு மாதிரி. சிரிஞ்சைப் பின்னுக்கு இழுத்தும் இரத்தம் வரவில்லையே, ஊசி நாடிக்குள் இல்லை என்பார்கள். ஆனால் ஜெல் அடைத்த ஊசியில் இரத்தம் வராமலும் இருக்கும். கனுலா என்ற முனை மழுங்கிய குழாய் ஊசி ஆபத்தைக் குறைக்கும்தான், ஆனால் மெல்லிசான கனுலா நாடியைத் துளைக்கவும் செய்யும். ஊசியே இல்லாமல் அழுத்தத்தால் ஜெல்லை ஏற்றும் பேனா ஒன்லைனில் கிடைக்கிறது. அதைப் பாவிக்க வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021ல் எச்சரித்தது.

மலைநாட்டில் இருக்கும் நமக்கு இன்னொரு கணக்கும் உண்டு: தூரம். ஹயலுரோனிக் அமிலம் என்ற வகை ஃபில்லரைக் கரைக்க ஹயலுரோனிடேஸ் என்ற மருந்து இருக்கிறது. தோலில் அடைப்பு என்றால் அதை உடனே, தாராளமாகப் போட வேண்டும். சிலிக்கோன் போன்றவற்றை அது கரைக்காது. விழித்திரையோ இரத்தம் இல்லாமல் ஒன்றரை மணி நேரம் தாங்கினாலே பெரிது, பார்வை திரும்புவதும் அபூர்வம். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று பஸ்ஸில் கண்டி போய்ச் சேரவே இரண்டு மணி நேரத்துக்கு மேல். அதனால் அந்த மருந்து ஊசி போடும் அதே அறையில் இருக்க வேண்டும். போடுகிறவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவானவரா என்று பாருங்கள். பெட்டியில் உள்ள பெயரை வாசித்து, அது தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிவானதா என்றும் கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிறார்களா, கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

போட்ட பிறகு நடக்கும் தவறு, பொறுத்துக்கொள்வது. தோல் சட்டென்று வெளுத்தால், வலை பின்னியது போல ஊதா நிறம் படர்ந்தால், அழுத்திய இடத்தில் இரண்டு மூன்று விநாடிகளில் சிவப்பு திரும்பாவிட்டால், வலி அளவுக்கு மீறினால், அது வீக்கமல்ல. மரக்க வைக்கும் மருந்து கலந்த ஃபில்லரில் வலி தெரியாமலும் போகும், வலிக்கவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். ஐஸ் வைக்கவே வேண்டாம், குளிரில் குழாய் இன்னும் சுருங்கும். ஊசி போட்டவரிடமே உடனே திரும்பிப் போங்கள். பார்வை மங்கினால், பேச்சுக் குழறினால் 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம். என்ன ஃபில்லர், எத்தனை மணிக்குப் போட்டது என்று எழுதியே கொடுங்கள்.

அக்கா மகள் அந்தப் பார்லரில் கேட்டுத்தான் பார்த்தாள், கரைக்கிற மருந்து வைத்திருக்கிறீர்களா என்று. "எதைக் கரைக்க?" என்று திருப்பிக் கேட்டார்களாம். மூக்கு பழைய மூக்குதான். கல்யாணம் தை மாதம்.